குளிர்ந்த பாய்லருக்கு நாலாவது சட்டை

சுடரொளி கூட்டுறவு நூற்சாய ஆலையில் காலை வேலை உறுதிமொழியோடுதான் தொடங்கும். மேலாளர் சங்கரசுப்பிரமணியன் முன்னால் நின்று சொல்வார். மற்றவர்கள் வலது கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொல்வார்கள். "ஒரு துளி வெப்பத்தையும் வீணாக்க மாட்டேன். வீணாக்குபவரைக் கண்டால் சும்மா இருக்க மாட்டேன்." இதைச் சொல்லும் இடம் முதலாம் நம்பர் பாய்லரின் முன்னால். அந்த பாய்லர் குழாய் வெடித்து அணைந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அதன் அடுப்புக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. உறுதிமொழி முடிகிற நேரத்தில் தாய்ப்பூனை வெளியே வந்து சோம்பல் முறித்துவிட்டு மறுபடி உள்ளே போகும்.

பேச்சிராஜ் இதை முதன்முதலாகப் பார்த்தது, அங்கே லேகிங் வேலைக்குச் சேர்ந்த அன்று. லேகிங் என்றால் வேறொன்றுமில்லை, பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் சட்டை போடுவது. பாறையை உருக்கி இழைத்த பஞ்சு மெத்தையைச் சுற்றி, கம்பி வலையால் இறுக்கி, மேலே அலுமினியத் தகட்டை வளைத்துத் திருகு முடுக்குவார்கள். உள்ளே என்னதான் கொதித்தாலும் வெளியே கை வைக்கலாம். சவூதியில் ஜுபைல் பக்கம் பல வருஷம் இதே வேலையைச் செய்துவிட்டு, போதும்டா சாமி என்று சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருந்தான்.

அவன் இந்த ஆலைக்கு வந்ததற்குக் காரணம் பொன்செல்வி. அவன் பெண்டாட்டி. சாயத் தொட்டியில் நூல் முக்கி எடுக்கிற வேலை, தற்காலிகத் தொழிலாளி. அவள் நிற்கிற இடத்தில் முழங்கை உயரத்துக்கு ஒரு நீராவிக் குழாய் வெறும் இரும்பாகப் போகிறது. திரும்பினால் சுடும், குனிந்து நிமிர்ந்தால் சுடும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையில் புதிதாக ஒரு தடம் இருக்கும். முன்பெல்லாம் முந்தானையை இழுத்து மறைப்பாள். பிறகு அதுவும் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். ஊரெல்லாம் குழாய்க்குச் சட்டை போட்டவன் பெண்டாட்டியின் கையில் இப்படித் தடம் இருப்பது பேச்சிராஜுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. ஆலை வாசலில் 'லேகிங் ஆள் தேவை' என்று எழுதிப் போட்டதைப் பார்த்ததும் கூலி என்னவென்றுகூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டான்.

மேலாளர் அவனைக் கையோடு அழைத்துப்போய் முதலாம் நம்பர் பாய்லரைக் காட்டினார். பாய்லரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். நடுவில் ஒரு செவ்வந்தி மாலை. பேச்சிராஜ் பழக்கதோஷத்தில் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. ஓரத்துத் தகட்டைக் கொஞ்சம் நெம்பிப் பார்த்தான். உள்ளே பஞ்சு, அதற்குள் தகடு, மறுபடி பஞ்சு, மறுபடி தகடு.

"சார், இதுக்கு ஏற்கெனவே மூணு சட்டை கெடக்கே?"

"நாலாவதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கு" என்றார் மேலாளர். "வெப்பக் காப்புத் திட்டம் புதுசா வரும்போதெல்லாம் ஒரு அடுக்கு."

"இது எரியலையே சார்."

மேலாளருக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. எதையும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல் எடுத்துச் சொல்கிற ஆள். "தம்பி, மண்டலத்துலயே மேற்பரப்பு வெப்பம் கம்மியா இருக்கிற பாய்லர் இதுதான். கேடயம் வாங்கியிருக்கு. மத்த ஆலைக்காரங்க எல்லாம் என்ன பண்றாங்க? எரிக்கிறாங்க. எரிச்சிட்டு, வெப்பம் வீணாகுதுன்னு புலம்புறாங்க. நாம அந்தத் தப்பைப் பண்றதில்ல."

"அப்போ நூலுக்கு நீராவி?"

"அது ரெண்டாம் நம்பர்ல இருந்து வருது" என்றார், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கக்கூஸைப் பற்றிச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி.

ரெண்டாம் நம்பர் பின்பக்கக் கொட்டகையில் இருந்தது. சீமைக்கருவேல விறகைத் தின்றுகொண்டு இரவும் பகலும் இரைந்தது. உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. பத்தடி தள்ளி நின்றாலே முகம் காந்தியது. அதற்குத் தீ போடுகிற சண்முகையா அண்ணாச்சி, கழுத்தில் ஈரத்துண்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அதன் வயிற்றிலிருந்து கிளம்பிய குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு நேரே சாயப்பட்டறைக்குள் போனது. அது முடிகிற இடத்தில் பொன்செல்வியின் தொட்டி.

"சார், சட்டை போட வேண்டியது இதுக்குல்லா?"

"இது தற்காலிகம்" என்றார் மேலாளர்.

மூன்று மாதத் தேவைக்கென்று வேறொரு ஆலையிலிருந்து இரவல் வாங்கி வந்த பாய்லர் அது. வாங்கி வந்தபோது பொன்செல்விக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். லேகிங் என்பது நிரந்தர வேலை. தற்காலிகப் பொருளுக்கு நிரந்தர வேலை செய்ய விதியில் இடமில்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்று மேலாளர் தொடர்ந்தார். "இன்னைக்கு இதுக்கு நாம சட்டை போட்டா, தற்காலிகமா இருந்தும் பாய்லருக்குச் செஞ்சீங்களேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். பாய்லர் பேசாது. தொட்டிகிட்ட நிக்கிற பொம்பளைங்க பேசுவாங்க. அவங்களும் பாய்லர் வந்த நாள்ல இருந்து தற்காலிகம்தானே? அவங்களுக்குக் கையுறை, மருந்து, லீவுன்னு கிளம்பிட்டா ஆலை தாங்குமா? நான் பாய்லரைப் பத்தி யோசிக்கல தம்பி. ஆலையோட எதிர்காலத்தைப் பத்தி யோசிக்கிறேன்."

பேச்சிராஜ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். மனுஷன் கேலி பண்ணுகிறாரா என்று முகத்தில் தேடினான். அங்கே உண்மையான அக்கறைதான் தெரிந்தது.

வேலையை உடனே தொடங்க முடியவில்லை. ஓடுகிற பாய்லரில் லேகிங் செய்யக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. எனவே முதலாம் நம்பரை முறைப்படி நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு மேலாளர், கணக்கர், இரண்டு இயக்குநர்கள் வந்து நின்றார்கள். சண்முகையா அண்ணாச்சி பல வருஷமாக மூடியே கிடந்த ஒரு வால்வை, மூடுவதுபோல் ஒரு தடவை பிடித்துக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து ஆற விட வேண்டும். முழுதாக ஒரு பகலும் ஒரு இரவும் ஆறாமல் யாரும் தொடக் கூடாது. சுற்றிலும் கயிறு கட்டி 'அபாயம், சூடு' என்று பலகை தொங்கவிட்டார்கள்.

பேச்சிராஜ் கயிற்றுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, ஏற்கெனவே ஆறிப்போன பாய்லர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூனைக்குட்டிகள் கயிற்றுக்கு அடியில் புகுந்து விளையாடின. மத்தியானம் காவலாளி வந்து, கயிற்றுக்குள் காலை நீட்டி உட்கார்ந்ததற்காக அவனைக் கண்டித்துவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் பொன்செல்வி "ஸ்ஸ்" என்று கையை உதறுகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். வீட்டில் தோசைக்கல் சுட்டாலும் அவள் அப்படித்தான் உதறுவாள்.

மறுநாள் ஆரம்பித்து ஒழுங்காகத்தான் வேலை செய்தான். செத்த பாய்லரோ உயிருள்ள பாய்லரோ, பஞ்சு மெத்தையைச் சந்து இல்லாமல் பொருத்தினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். தூசி அரித்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறுக்கினான். முடிகிற சமயத்தில் பார்த்தால் மெத்தை கொஞ்சம் மிச்சம், தகடு கொஞ்சம் மிச்சம். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே போனதும், அதைத் தூக்கிக்கொண்டு சாயப்பட்டறைக்குள் நுழைந்தான். பொன்செல்வியின் தொட்டியை ஒட்டிப் போகிற குழாயை, அவள் கை படக்கூடிய நீளத்துக்கு மட்டும், பஞ்சு சுற்றித் தகடு போட்டு மூடினான். உள்ளங்கை கொப்பளித்தது. பரவாயில்லை என்று தோன்றியது. ஊருக்கு வந்த பிறகு அவனுக்கு மனசு நிறைந்தது அன்றைக்குத்தான்.

மணி அடித்து உள்ளே வந்த பொன்செல்வி குழாயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"தொட்டுப் பாரு."

"சுடும்."

"ஏட்டி, தொடுன்னா தொடு."

அவள் ஒரு விரலை வைத்துச் சட்டென்று எடுத்தாள். பிறகு இரண்டு விரல். பிறகு உள்ளங்கை முழுவதும். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக வந்தது. "வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். பட்டறையில் இருந்த மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். பூமாரி என்கிற ஒருத்தி கன்னத்தையே வைத்துப் பார்த்தாள்.

அடுத்த சில நாட்கள் பொன்செல்வி கையில் புதுத் தடம் விழவில்லை. ஈரநூலைத் தொட்டியிலிருந்து தூக்கிக் கொடியில் போட்டுவிட்டு, குழாய்மேல் ஒரு கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொள்வாள். இடுப்பு வலிக்கு அது நல்ல சுகம். நாளாக ஆகப் பார்க்காமலே கையை வைக்கப் பழகிவிட்டாள். சண்முகையா அண்ணாச்சிக்கு விஷயம் தெரியும். சொல்லவில்லை. "பைய இரு மக்கா. எவனும் பாக்காதவரைக்கும் அது நல்ல வேல" என்று மட்டும் பேச்சிராஜிடம் சொன்னார்.

பார்க்கும் நாள் வந்தது. ரெண்டாம் நம்பரின் மூன்று மாதம் முடிந்து, வழியனுப்பு விழா நெருங்கியது.

இந்த விழா அந்த ஆலையின் வழக்கம். திருப்பிக் கொடுக்கிற நாளில் ஒரு லாரி வரும். கொட்டகை வாசல்வரை பின்பக்கமாக வந்து நிற்கும். மேலாளர் பாய்லருக்கு மாலை போட்டு நாலு வார்த்தை பேசுவார். லாரி வெறுமையாகப் புறப்பட்டு ராஜபாளையம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடையில் நின்றுகொள்ளும். மறுநாள் அதே லாரி வெறுமையாகத் திரும்பி வரும். மறுபடி ஒரு மாலை, வரவேற்பு. நடுவில் இருக்கிற அந்த ஒரு நாள், விதிப்படி ரெண்டாம் நம்பர் ஆலையில் இல்லை. இல்லாத பாய்லருக்குச் சண்முகையா அண்ணாச்சி வழக்கம்போல் விறகு போட்டுக்கொண்டிருப்பார். நூலுக்குச் சாயம் ஏற வேண்டுமே.

விழா அன்று காலையில் மேலாளர் சுற்றிப் பார்க்க வந்தபோது குழாயின் தகடு பளபளத்தது. பேச்சிராஜைக் கூப்பிட்டு அனுப்பினார். கையை வைத்துப் பார்த்து, "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். பிறகு, "கழட்டிருங்க" என்றார்.

"சார், இது எம்பொண்டாட்டி நிக்கிற எடம். கையெல்லாம் வெந்துபோகுது."

"புரியுது தம்பி. எனக்கும் குடும்பம் இருக்கு. ஆனா வாங்கினப்போ எப்படி வந்துச்சோ அப்படியேதான் திருப்பி அனுப்பணும். வெறும் உடம்போட வந்தது சட்டையோட போனா, இது நம்ம பாய்லரே இல்லன்னு அவங்க சொல்லிட்டா?"

"அது போகப்போறதே இல்லையே சார்!"

"போகாததுனாலதான் இன்னும் கவனமா இருக்கணும்" என்றார் மேலாளர்.

போட்டதும் கழற்றியதும் ஒரே கைதான். திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். பஞ்சைப் பிரித்ததும் குழாயின் சூடு குப்பென்று முகத்தில் அடித்தது. பொன்செல்வி தொட்டிக்குள் நூலை முக்கிக்கொண்டே பார்த்தாள். "பாத்து இரு செல்வி" என்றான். "சரி" என்றாள்.

கொட்டகையில் மேலாளர் பேசிக்கொண்டிருந்தார். ரெண்டாம் நம்பரின் கழுத்தில் போட்ட மாலை, அவர் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் கருகி வாடிவிட்டது. "பிரிவு நமக்குப் புதிதல்ல. இந்த பாய்லர் நம்மைவிட்டுப் பிரிவது இது முதல் முறையும் அல்ல. சென்று வா. உன் இடம் இங்கே காலியாகவே இருக்கும்" என்றார். கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகையாலும் இருக்கலாம். லாரி கிளம்பியது. எல்லோருக்கும் மிக்சரும் டீயும் கொடுத்தார்கள். ரெண்டாம் நம்பர் பின்னால் நின்று இரைந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் பொன்செல்வி ஒரு பாரமான ஈரநூல் கட்டைத் தூக்கிக் கொடியில் போட்டாள். இடுப்பு பிடித்தது. பார்க்காமலே வலது கையைக் குழாய்மேல் முழுதாக ஊன்றினாள்.

பேச்சிராஜ் ஓடி வந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். கத்தக்கூட இல்லை. கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பூமாரிதான் அழுதாள். சட்டை போடாமலே இருந்திருந்தால் அவள் அந்தக் குழாயை நம்பியிருக்க மாட்டாள் என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவளுக்குச் சுகம் காட்டிப் பழக்கியவன் அவன்தான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக் கேட்கவும் ஆள் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த சாயங்காலம், மேலாளர் பழம், ரொட்டியோடு வீட்டுக்கே வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"ஆலை ஏதாவது செய்யணும் சார்" என்றான் பேச்சிராஜ்.

"செய்யத்தான் ஆசை தம்பி. ஆனா பாருங்க, சம்பவம் நடந்தது இன்னைக்கு. இன்னைக்கு அந்த பாய்லர் ஊர்லயே இல்ல. இல்லாத பாய்லர் எப்படிச் சுடும்? இருக்கிறது முதலாம் நம்பர் ஒண்ணுதான். அதுல கையை வச்சா குளிரும்." ஒரு பெருமூச்சு விட்டார். "நாளைக்குத்தான் வருது. ஒரு நாள் பொறுத்துப் பட்டிருந்தா ஏதாவது ஒரு வழி பண்ணியிருக்கலாம்."

பொன்செல்வி இடது கையால் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் ரெண்டாம் நம்பர் வந்து சேர்ந்தது. சண்முகையா அண்ணாச்சியின் கையால் வரவேற்பு மாலை போடச் சொன்னார்கள். அவர் கொட்டகைக்கு வெளியிலிருந்தே தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டாராம்.

புண் ஆறியது. உள்ளங்கையில் தோல் வழவழவென்று, வெளுப்பாக, ஒட்ட வைத்ததுபோல் வந்தது. அதில் உணர்ச்சி இல்லை. கொதிக்கிற சோற்றுப்பானையைப் பிடித்துவிட்டு, கருகுகிற நாற்றம் வந்த பிறகு விடுகிறாள் என்று பேச்சிராஜ் கவனித்தான். பிறகு பானையை அவனே இறக்கி வைக்க ஆரம்பித்தான். அவள் மறுபடி அதே தொட்டிக்கு வேலைக்குப் போனாள். அவனும் முதலாம் நம்பரின் நாலாவது சட்டையில் விடுபட்ட மூலைகளை முடித்துக் கொடுத்தான். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே நாள் நன்றாகத்தான் ஓடியது.

நாலாவது சட்டைக்காக ஆலைக்கு மறுபடியும் மண்டலக் கேடயம் என்று செய்தி வந்தது. கொடுக்க வந்தவர் மண்டல வெப்பக் காப்பு இயக்குநர் நிர்மலாதேவி. முதலாம் நம்பருக்கு முன்னால் பந்தல், ஒலிபெருக்கி. பூனைகளைக் கூடை போட்டு மூடியிருந்தார்கள். கேடயம் கொடுக்கும் முன் மேற்பரப்புச் சோதனை நடக்க வேண்டும். வெப்பமானி பழுதுபார்க்கப் போய்ப் பல காலமாகிவிட்டது. அதனால் மண்டலம் முழுக்க உள்ளங்கைச் சோதனைதான் நடைமுறை. ஒரு தொழிலாளி பாய்லரில் உள்ளங்கையைப் பதித்து, சூடு தெரிகிறதா இல்லையா என்று சபையறியச் சொல்ல வேண்டும்.

"தீக்காயத்திலிருந்து மீண்ட ஒரு சகோதரியே செய்தால் பொருத்தமாக இருக்கும்" என்று மேலாளர் இயக்குநர் காதில் சொன்னார். இறங்கி வந்து பொன்செல்வியிடம், "நல்லபடியா முடிஞ்சா உன்னை நிரந்தரம் பண்றதுக்குப் பேசுறேம்மா" என்றார். தீக்காயம் எங்கே பட்டது என்று இயக்குநர் கேட்டதற்கு, "வீட்டில், சமையலில்" என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

பொன்செல்வி மேடையேறினாள். வலது உள்ளங்கையைச் சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் பதித்தாள். நிர்மலாதேவி ஒலிவாங்கியை அவள் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

"சூடு தெரிகிறதா அம்மா?"

"இல்ல மேடம். ஒண்ணும் தெரியல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நிர்மலாதேவி பேசினார். "சூடு இல்லாத பாய்லரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சூடு இல்லை என்று தொழிலாளியே மனமாரச் சொல்லும் பாய்லரை இங்குதான் பார்க்கிறேன். நாம் காக்க வேண்டியது வெப்பத்தை. அதைக் காப்பதற்கு மிகச் சிறந்த வழி, அதை உண்டாக்காமல் இருப்பது. இந்த ஆலை அந்த ஞானத்தை எட்டியிருக்கிறது. இந்த ஆண்டே ஐந்தாவது அடுக்குக்குப் பரிந்துரை செய்கிறேன்."

பேச்சிராஜ் எழுந்து நின்றதற்கு அந்த ஐந்தாவது அடுக்குதான் காரணமாக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் நின்று சத்தமாகச் சொன்னான்.

"மேடம், பின்னால ரெண்டாம் நம்பர்னு ஒண்ணு எரியுது. அதுல இருந்து வார கொழாயையும் ஒருக்கா சோதிச்சுப் பாருங்க. சூடு இருந்தா அதுக்கும் ஒரு சட்டை போட உத்தரவு குடுங்க. நான் சும்மாவே போட்டுத் தாரேன்."

மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். ஆனால் நிர்மலாதேவி முகம் மலர்ந்தது. "மிக நியாயமான கோரிக்கை! தற்காலிகம், நிரந்தரம் என்றெல்லாம் நான் பார்க்க மாட்டேன். சூடு இருப்பது சோதனையில் உறுதியானால் இன்றே, இந்த இடத்திலேயே உத்தரவு போடுகிறேன். வாருங்கள்."

கூட்டம் மொத்தமும் சாயப்பட்டறைக்குள் போனது. பேச்சிராஜ் முண்டிக்கொண்டு முன்னால் போனான். இவ்வளவு சுலபமா? குழாயை நெருங்கியதும் நிர்மலாதேவி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார்.

"சோதனை செய்த கையை நடுவில் மாற்றக் கூடாது. அது விதி. அதே சகோதரியே கையைப் பதித்துச் சொல்லட்டும்."

பேச்சிராஜ் திரும்பிப் பார்த்தான். பொன்செல்வி முன்னால் வந்துகொண்டிருந்தாள்.

"மேடம், அவ கைக்கு உணர்ச்சி கெடயாது. அவளுக்குத் தெரியாது. வேற ஆளு தொடட்டும். நான் தொடுதேன்."

நிர்மலாதேவி நெற்றியைச் சுருக்கினார். "உணர்ச்சி இல்லாத கையா? அப்படியானால் சற்று முன் மேடையில் செய்த சோதனை?" மேலாளரைப் பார்த்தார். "கேடயமே செல்லாதே."

"நல்ல கைதான் மேடம்" என்றார் மேலாளர் அவசரமாக. "அவர் பாசத்துல சொல்றார். பொன்செல்வி, தொட்டுச் சொல்லும்மா, சீக்கிரம்."

பொன்செல்வி புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. "தொட்டுட்டுப் போறேன், விடுங்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று மெல்லச் சொன்னாள். சொல்லிக்கொண்டே, நூல் எடுக்கப் போகிறவள்போல் கையை நீட்டினாள். வெளுத்த உள்ளங்கைக்கும் இரும்புக்கும் நடுவில் நாலு விரற்கடைதான் இருந்தது. அவள் வைத்தால் வேகும். வெந்துகொண்டே, தெரியல என்றுதான் சொல்லுவாள். கை தட்டுவார்கள்.

பேச்சிராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேண்டாம் மேடம்" என்றான். "சூடு இல்ல."

"என்ன?"

"கொழாய்ல சூடு இல்ல மேடம். எனக்குத் தெரியும். நான் இதே வேல பாக்கவன். சும்மா சொல்லிட்டேன்."

"லேகிங் நிபுணரே சொல்லிவிட்டார்" என்று நிர்மலாதேவி மகிழ்ச்சியோடு அறிவித்தார். "கைவைக்காமலே சோதனை வெற்றி!" நாலடி தள்ளி நின்ற எல்லோரும் வியர்க்க வியர்க்கக் கை தட்டினார்கள். மூலையில் நின்ற சண்முகையா அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு விறகு போடுகிற நேரமாகியிருந்தது.

பிறகு எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். பொன்செல்வி ஸ்பூனால் சாப்பிட்டாள்.

சாயங்காலம் இருவரும் டவுன் பஸ்ஸில் வந்தார்கள். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊதல்காற்று வந்தது. அவள் வெளியே பார்த்துக்கொண்டு, "நிரந்தரம் பண்ணிருவாவளாம். மேனேஜர் சொன்னாவ" என்றாள்.

"ம்" என்றான்.

"வருஷா வருஷம் நாந்தான் தொட்டுச் சொல்லணுமாம். மத்த ஊரு ஆலைக்கும் கார்ல கூட்டிட்டுப் போவாவளாம்."

அவளுடைய வலது கை இருக்கையில் மல்லாந்து கிடந்தது. அவன் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தன் பெருவிரலை அந்த உள்ளங்கையின் நடுவில் வைத்தான். மெதுவாக அழுத்தினான். பிறகு பலமாக அழுத்தினான்.

பொன்செல்வி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்குகிற இடம் வரைக்கும் திரும்பவில்லை.